அருளம்பலத்தின் நாலு படி

மீன் சந்தையில் அருளம்பலம் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை. கண் தெளிவாக இருக்கிறதா என்று குனிவதும் இல்லை. ஜெமீலின் பலகைக்கு முன்னால் கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நின்று, "இந்தப் பாரை எவ்விடத்தையான்?" என்று கேட்பார்.

"கடல்லதான் அண்ணன். வேற எங்க?" என்பார், கிண்ணியாவிலிருந்து விடிய முதலே வந்து கடை விரித்திருக்கும் ஜெமீல்.

அது அருளம்பலத்துக்குப் போதாது. கொட்டியாரக் குடாவா, குச்சவெளிப் பக்கமா, தூண்டிலா, வலையா, படகு எத்தனை மணிக்குக் கரைக்கு வந்தது என்றெல்லாம் தெரியவேண்டும். பின்னால் நிற்கிற சனம் கூடையால் முதுகை இடிக்கும். வாய்க்கு வந்த ஊரைச் சொல்லித் தப்பலாம் என்று ஜெமீல் பார்ப்பார். ஆனால் போன கிழமை குச்சவெளி என்றதை இந்தக் கிழமை சம்பூர் என்றால் மனுசன் பிடித்துவிடுவார். கடைசியில், ஊர் சொல்ல ஏலாத மீன் வெறும் மேசை வைன் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அதையே வாங்கிக்கொண்டு போவார். "என்ட மீனை அந்தப் பேரால கூப்பிடாதீங்க அண்ணன், நான் அஞ்சு நேரமும் பள்ளிக்குப் போறவன்" என்று ஜெமீலும் ஏழு வருஷமாகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்.

திருகோணமலை நகரத்தில் அவருக்கு 'இத்தாலி' என்று பெயர். வயது ஐம்பத்தெட்டு. மெலிந்த உடம்பு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்தோடு தொங்கும், போத்தல் திறக்கிற தக்கை திருகி. இத்தாலியின் பலெர்மோத் துறைமுகத்தில் பத்தொன்பது வருஷம் ஒரு வைன் கடையில் பெட்டி தூக்கினவர். பெட்டிகளைத் தரவாரியாக அடுக்கவேண்டும் என்பதால் வைனைத் தரம் பிரிக்கும் அரசாங்கச் சட்டங்களைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார்கள். அவருக்கு இத்தாலிய மொழி வந்ததே அந்தச் சுவரிலிருந்தும் போத்தல் லேபிள்களிலிருந்தும்தான். அதனால் 'எனக்குப் பசிக்கிறது' என்று சொல்லப் பழக முதலே, 'கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதும் உத்தரவாதம் அளிக்கப்பட்டதுமான பிறப்பிடப் பெயர்' என்பதை அந்த மொழியில் மூச்சுவிடாமல் சொல்லப் பழகிவிட்டார்.

அந்த நீளப் பெயர்தான் மேல்படி. சுருக்கமாக டி-ஓ-சி-ஜி. உத்தரவாதத்தைக் கழித்தால் டி-ஓ-சி, இரண்டாம் படி. இன்ன வட்டாரத்துச் சரக்கு என்று மட்டும் சொல்லிக்கொள்வது மூன்றாம் படி. அடியில் கிடப்பது மேசை வைன்; அதற்குப் பெரும்பாலும் ஊருமில்லை, ஆண்டுமில்லை. இந்த நாலு படியும் இல்லாவிட்டால் உலகம் ஒரு குப்பைமேடு என்பது அருளம்பலத்தின் கருத்து.

மேல்படிகாரரின் சாதகத்தை அவர் மனப்பாடமாகச் சொல்வார். பறோலோ என்றால் வடக்கே பியெமொந்தேயில் குறித்த சில குன்றுகளில் விளைந்த நெபியோலோ திராட்சை மட்டும்; முப்பத்தெட்டு மாதம் கிடந்துதான் வெளியே வரலாம், அதில் பதினெட்டு மாதம் மரப் பீப்பாவில். புறுனெல்லோ என்றால் மொந்தால்சினோ ஊரின் சாஞ்சொவேசே திராட்சை. அறுவடை முடிந்து ஐந்தாம் வருஷம்வரை கடைக்கு வரக்கூடாது. அவர் இருந்த சிசிலித் தீவுக்கு மேல்படி ஒன்றே ஒன்றுதான், விற்றோரியா ஊரின் செறசுவோலோ. பியெமொந்தேக்காரர் மட்டும் அள்ளிக் கட்டிக்கொண்டார்கள் என்பதில் அவருக்கு இன்னும் ஆத்திரம். அமறோனே என்ற வைனுக்குத் திராட்சையை மாதக்கணக்கில் காயவைத்துப் பிழிவார்கள். அதற்குக் குசினியில் 'கருவாட்டு வைன்' என்று அவரே பெயர் வைத்திருக்கிறார்.

அவருக்கு அடியோடு பிடிக்காதவர்கள் தொஸ்கானாப் பக்கத்துப் பணக்காரர் சிலர். கியாந்தி வைனுக்கு வெள்ளைத் திராட்சையும் சேர்க்கவேண்டும் என்று ஒருகாலத்தில் சட்டம் இருந்தது. அது வேண்டாம் என்று அவர்கள் தங்கள் எண்ணப்படி வைன் செய்தார்கள். சட்டப்படி அதை மேசை வைன் என்றுதான் விற்கமுடிந்தது. உலகமோ அதற்குத்தான் முண்டியடித்துக்கொண்டு நின்றது. பிறகு அரசாங்கம் அவர்களையும் உள்ளே எடுக்க மூன்றாம் படியை உண்டாக்கியது, கியாந்திச் சட்டமும் மாறியது. "களவா வேலியால பாய்ஞ்சவனுக்கு வாசல் கட்டிக் குடுத்த கதை" என்பார் அருளம்பலம்.

ஊருக்கு வந்த பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. கிண்ணியாத் தயிருக்கு மேல்படி கொடுத்தார். நிபந்தனை மூன்று: எருமைப் பால், மண்சட்டி, சட்டியைக் கவிழ்த்தால் ஒரு நிமிஷம் விழாமல் நிற்கவேண்டும். கந்தளாய்த் தயிர் அரை நிமிஷத்தில் விழுந்ததால் இரண்டாம் படி. பஸ் நிலையத்துத் தேநீருக்கு மேசைக்குக் கீழே ஒரு படி புதிதாக வெட்டினார். மனைவி கனகம்மாவின் சொதியை யோசித்துப் பார்த்து டி-ஓ-சி என்றார். அப்படியானால் உத்தரவாதம் ஆருடைய சொதிக்கு என்று கனகம்மா கேட்டார். அப்படி ஒரு சொதி இன்னும் வெளியாகவில்லை என்று இவர் விளக்கம் சொல்லப்போனார். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த வீட்டில் சொதியே வெளியாகவில்லை.

வேலை பார்ப்பது உட்துறைமுக வீதியில், சிந்துஜனின் சாப்பாட்டுக்கடையில். சிந்துஜனுக்கு முப்பத்திரண்டு வயது. உப்புவெளி ஹோட்டல்களில் தொழில் பழகி, துறைமுகத்துக்கு வரும் பாய்ப்படகுக்காரரை நம்பிக் கடை போட்டவர். கொழும்பில் மூடப்பட்ட ஒரு ஹோட்டலின் இத்தாலிய வைன் முழுவதையும் ஒரே லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, அதை வாசிக்கத் தெரிந்த ஆள் ஊரில் அருளம்பலம் ஒருவர்தான். பழைய பண்டகசாலையின் ஒரு மூலையை மறித்து அவருக்கு வைன் அறை கொடுத்தார்கள். கூரை அஸ்பெஸ்டஸ். இருந்த ஒரே ஓட்டை முழங்கால் உயரத்தில் இருந்ததால் ஏசியை அதில் பூட்டினார்கள். உள்ளே போனால் இடுப்புக்குக் கீழே நுவரெலியாக் குளிர், தோளுக்கு மேலே திருகோணமலை வெக்கை.

அந்த அறையில் ஐந்து தட்டு இறாக்கை. அடுக்குகிற வேலையை அருளம்பலம் ஒருவரையும் செய்யவிடவில்லை. பறோலோவும் புறுனெல்லோவும் ஆக மேல்தட்டில், கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில். அடுத்த தட்டில் கறுத்தச் சேவல் முத்திரை போட்ட கியாந்தி. அப்படியே படிப்படியாக இறங்கி, மேசை வைன் அறுபது போத்தலும் அடித்தட்டில், சீமெந்துத் தரையோடு. உத்தரவாதம் உள்ளதைக் காலடியில் போடுவதா என்ன? சாமிப்படத்தை ஆரும் தரையில் வைப்பார்களா? பலெர்மோவிலும் விலைகூடியது மேலேதான் இருந்தது. அந்தக் கடை நிலத்துக்குக் கீழே கல்லால் கட்டியது, மேலும் கீழும் ஒரே குளிர் என்பதை மட்டும் அவர் கவனத்தில் எடுக்கவில்லை. பெட்டி தூக்கினவருக்குப் பெட்டிதானே தெரியும்.

மேல்தட்டுப் போத்தலை இரண்டு வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அருளம்பலம் ஏணி வைத்து ஏறி அவற்றை மெல்லிய துணியால் துடைப்பார். ஒருமுறை ஒரு போத்தலின் கழுத்தால் கறுப்பாக எதுவோ வழிந்து காய்ந்திருந்தது. பல்லியின் வேலை என்று முடிவுகட்டி, தும்புத்தடியோடு அன்று பின்னேரம் முழுவதும் பல்லியைத் துரத்தினார்.

விற்றதெல்லாம் அடித்தட்டு. காலையில் ஒரு தேக்கரண்டி மேசை வைனை வாயில் விட்டு, கன்னத்தை இரண்டு பக்கமும் ஊதி, குசினித் தொட்டியில் துப்புவார். குசினிக்குப் பொறுப்பான ஜெயரூபிக்கு அது பெரிய வேதனை. கப்பலில் கடல் தாண்டி வந்ததை இப்படித் துப்ப இந்த மனுசனுக்கு எப்படி மனம் வருகிறது என்று வெங்காயத்திடம் முறையிடுவார். பறோலோவில் ரோசாப்பூவும் தாரும் மணக்கும் என்று அருளம்பலம் ஒருநாள் விளக்கியபோது ஜெயரூபி சிரிக்காமல் ஒரு யோசனை சொன்னார். "அப்ப றோட்டுப் போடுறவங்களுக்கு ஆளுக்கொரு கிளாஸ் குடுத்துப் பாருங்கோ அண்ணை. நல்லதோ கூடாதோ எண்டு சரியாச் சொல்லுவாங்கள்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்த ஆடியில் சிந்துஜன் அவரைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரர் பியர் குடிக்கிறார்கள், ஊர்க்காரர் சாராயம் குடிக்கிறார்கள், வைன் அறைக்கு ஏசி ஓடுவதுதான் மிச்சம் என்றார். "இந்த மாசத்தோட பாப்பம் அங்கிள். சரிவராட்டி அந்த அறையை இறால் பிறீசருக்கு எடுக்கப்போறன். திங்கக்கிழமை வந்து அளக்கச் சொல்லியிருக்கு." அருளம்பலம் ஓம் என்று தலையாட்டினார். அறை போனால் இத்தாலி போய்விடும். மிஞ்சுவது ஓடர் எழுதி மேசை துடைக்கிற கிழட்டு அருளம்பலம். அந்த நினைப்பு அவருக்கு உண்மையிலேயே பயத்தைக் கொடுத்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முதல்நாள், பாய்ப்படகில் வந்த ஆறு இத்தாலியர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி எழுபது வயது கடந்த பியெரா என்ற அம்மா. வெயிலில் காய்ந்து நிறம் ஏறிய முகம், ஆம்பிளைக் குரல். ஊர் எது என்று அருளம்பலம் கேட்டார். அல்பா என்றார் அந்த அம்மா. அல்பா என்றால் நெபியோலோ விளைகிற பியெமொந்தேயின் நடுவீடு. அருளம்பலம் கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். அவர்களுடைய மொழியிலேயே, தன்னிடம் பறோலோ இருக்கிறது என்றார். இந்த வெயிலிலா என்று அந்த அம்மா புருவத்தை உயர்த்தினார். பிறகு, சரி, கொண்டுவாருங்கள், என்னுடைய ஊர்க்காரன் இங்கே எப்படி இருக்கிறான் என்று பார்ப்போம் என்றார்.

ஏணி வைத்து ஏறி இறக்கிய போத்தலை அருளம்பலம் குசினியில் வைத்துத் திறந்தார். தக்கை ஏற்கெனவே அரை விரல் வெளியே தள்ளியிருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். ரோசாப்பூ இல்லை. தாரும் இல்லை. பேரீச்சம்பழத்தைப் பாணியில் போட்டு அடிப்பிடிக்கவிட்ட வாசம்தான் வந்தது. தேக்கரண்டியால் ருசிபார்த்துத் துப்பினார். இரண்டாவது போத்தலைத் திறந்தார், அதுவும் அப்படித்தான். மூன்றாவதைத் திறந்தபோது ஜெயரூபியே மூக்கைச் சுளித்து, "என்ன அண்ணை, பாணி காய்ச்சித் தொதல் கிண்டுறீங்களே?" என்றார்.

சிந்துஜன் ஓடிவந்தார். விஷயம் விளங்கினதும் குரலைத் தாழ்த்தி, "இதையே அவைக்கு ஊத்துங்கோ அங்கிள்" என்றார். "பேர் இருக்கு, கழுத்தில அவையின்ர அரசாங்க முத்திரை இருக்கு, இலக்கம் இருக்கு. நீங்கள்தானே எந்த நாளும் சொல்லுறனீங்கள், முத்திரை இருந்தாச் சரியெண்டு. ஆரும் கேட்டா கொழும்பில கெட்டுப்போச்சு எண்டு சொல்லுவம்."

அருளம்பலம் திறந்த போத்தல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வைன் அறைக்குள் போனார். சிந்துஜன் சொன்னதில் பிழை பிடிக்க ஏலாது. சட்டப்படி அந்தப் போத்தல் இன்னமும் மேல்படிதான். அதன் சாதகத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை. ஊற்றினால் அறை தப்பலாம். கொழும்பில் பழியைப் போட்டால் பெயரும் தப்பலாம். அந்த ஹோட்டல்காரர் இங்கே வந்து மறுக்கப்போவதும் இல்லை. அவருக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஏணியில் ஏறி மேல்தட்டுப் பலகையில் கையை வைத்தார். மத்தியான வெயிலில் கிடந்த தகரம்போலச் சுட்டது. இறங்கி, குந்தியிருந்து அடித்தட்டைத் தொட்டார். குளிர்ந்திருந்தது. இரண்டு வருஷமாக இடுப்புக்குக் கீழே நடுங்கியும் தலையில் வியர்த்தும் அந்த அறைக்குள் நின்ற மனுசனுக்கு, அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. பறோலோவையும் புறுனெல்லோவையும் மரியாதை செய்தே அவித்துவிட்டார்.

வெளியே வந்தவரின் ஒரு கையில் திறந்த பறோலோ, மற்றக் கையில் லேபிளில் ஒன்றுமே எழுதாத மேசை வைன். சிந்துஜன் வாசலை மறித்தார்.

"கொழும்பு கெடுக்கேல்லைத் தம்பி" என்றார் அருளம்பலம். "நான்தான் அவிச்சனான்."

மேசைக்குப் போய் அதையே இத்தாலிய மொழியில் சொன்னார். பயத்தில் லேபிள் பாஷைதான் வந்தது. கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதும் உத்தரவாதம் அளிக்கப்பட்டதுமான இந்தப் பறோலோவை இறந்த நிலையில் அறிவிக்கிறேன், கூரையோடு வைத்து வேகவிட்ட பொறுப்பு என்னுடையது என்கிற மாதிரி ஒரு வசனம். பியெரா அம்மா கிளாஸை நீட்டி, இருந்தாலும் ஊற்றச் சொன்னார். ஒரு மிடறு குடித்தார். முகம் வேப்பங்காய் கடித்ததுபோலச் சுருங்கியது. "வெந்துபோச்சு" என்றார். பிறகு மற்றப் போத்தலைக் காட்டி, அது என்ன என்று கேட்டார்.

அது ஒன்றுமில்லை, தரையோடு கிடந்த சரக்கு என்றார் அருளம்பலம். ஊரில்லை, ஆண்டில்லை, என்ன திராட்சை என்றும் தெரியாது. ஜெமீலின் பாரை பொரித்து வந்திருந்தது. அந்த அம்மா ஒரு துண்டு மீனும் ஒரு மிடறு வைனுமாக வாயில் போட்டு மென்றார். மற்ற ஐந்து பேரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருளம்பலம் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா மிச்சம் கிடந்ததைக் குடித்துவிட்டுக் கிளாஸைத் திரும்ப நீட்டினார்.

போத்தல் முடிந்தது. இரண்டாவது வந்து அதுவும் முடிந்தது. மேசையில் சத்தம் கூடியது. ஒருவர் கணவாய்க்கறியை விரலால் வழித்தார். மூன்றாவதுக்குச் சொல்லியனுப்பும்போது பியெரா அம்மா அருளம்பலத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, இந்த நல்ல சாமானைத் தரையில் போட்டுவிட்டு என்னுடைய ஊர்க்காரனைக் கொண்டுபோய்க் கூரையில் வைத்தது எதற்கு என்று கேட்டார். எங்கள் ஊரில் பெரியவர்களைக் காலடியில் வைப்பதில்லை என்றார் அருளம்பலம்.

அதற்கு அந்த அம்மா சொன்ன பதிலை அவர் குசினிக்குள் வந்து அப்படியே ஜெயரூபிக்கு மொழிபெயர்த்தார். "அவவின்ர ஊர்க் கோயில்ல செத்த ஆயர்மாரைத் தரைக்குக் கீழதானாம் தாட்டு வைச்சிருக்கு. சனம் அவையின்ர தலைக்கு மேலால நடந்துதானாம் பூசை காணப் போறது. எவ்வளவுக்குப் பெரிய ஆளோ, அவ்வளவுக்குக் கீழயாம்."

ஜெயரூபி கரண்டியை வைத்துவிட்டு நெற்றியில் கையை வைத்தார். வாசலில் நின்ற சிந்துஜன் வெறும் போத்தல்களைப் பார்த்தார், சாப்பிடுகிற ஆறு பேரையும் பார்த்தார், ஃபோனை எடுத்து, நாளைக்கு அளக்க வரவேண்டாம், ஒரு மாதம் போகட்டும் என்று யாருக்கோ சொன்னார். பிறகு, "அங்கிள், மூண்டாவதைக் கேக்கினம்" என்றார்.

அருளம்பலம் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வைன் அறைக்கு நடந்தார். கதவைத் திறந்துவிட்டு, தரையோடு கிடந்த அடித்தட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்து, இரண்டு சப்பாத்தையும் வெளியே சோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனார்.